லோதி தோட்டத்தில் சேவித்தது

அறுபதுகளின் தொடக்கத்தில் நானும் என் மனைவியும் ஸ்ரீரங்கத்திலிருந்து டில்லிக்கு, அங்கே வேலை பார்த்த மகனைப் பார்க்கப் போயிருந்தோம். ஒரு மார்கழிக் காலையில் லோதி தோட்டத்துக்குக் கிளம்பினோம்.

மரங்களுக்கு நடுவே உருண்டைக் கூரையோடு பெரிய கல் கட்டடம் ஒன்று நின்றது. பழைய கல் மண்டபத்தைக் கண்டால் எங்கள் ஊர்க்காரர்களின் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிடும். அவளும் கழற்றிவிட்டு உள்ளே போய், கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

வாசலில் இருந்த பலகையை நான் அப்போதுதான் படித்தேன். அது யாரோ ஒரு சுல்தானின் கல்லறை. உள்ளே வைக்கப்போன காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

தெருவில் சாவு விழுந்தால், சவத்தை எடுக்கும்வரை அடுப்பு மூட்டாதவள் அவள். சொல்லாமல் மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனம் கேட்கவில்லை, வாசலில் நின்றபடியே சொன்னேன்.

அவள் அந்தக் கல்லறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, பாவம், ஒரு விளக்குகூட இல்லையே."

"தீட்டாச்சேடி!"

"அதுக்கென்ன, ஆத்துக்குப் போனதும் தலைக்குத் தீர்த்தமாடிடறேன். அதுக்காகச் சேவிச்சதை இல்லேன்னு ஆக்க முடியுமா?"

சொன்னபடியே, மகன் வீட்டுக்குத் திரும்பியதும் அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் நடுங்க நடுங்கக் குளித்தாள்.

வாசலிலேயே நின்றுவிட்ட எனக்குக் குளிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.