அத்தை வீட்டிலிருந்தே பார்த்த படங்கள்

அறுபதுகள் முடிகிற சமயம், ஓர் ஆடி மாதம். தலை ஆடி விருந்துக்காக அருப்புக்கோட்டையில் பஸ் ஏறித் திருச்சுழியில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். போயிருந்தேன் என்று சொல்வது என் மரியாதைக்காக. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆடிக் காற்றுதான் என்னைத் தள்ளிக்கொண்டு போய் அந்த வாசலில் சேர்த்தது. புது மாப்பிள்ளையை வரவேற்க வந்தவர்களுக்குப் பார்க்கக் கிடைத்தது, புழுதி பூசிய ஒரு உருவமும் பறக்கப் பார்த்த ஒரு பட்டுக்கரை வேட்டியும்.

எங்களுக்கு அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம். தறிக்காரர்கள் வந்து நிற்கும்போது நான் வாசகசாலையில் எடுத்துவந்த புத்தகத்தில் தலையைக் கொடுத்திருப்பேன். அதனால் எனக்கு எல்லா விஷயத்திலும் ஒரு கொள்கை உண்டு, எந்த விஷயத்திலும் வரும்படி கிடையாது. சினிமாவைப் பற்றியும் ஒரு கொள்கை வைத்திருந்தேன். சினிமா என்பது கொட்டகைக்குப் போய், நாலு பேர் தோள் இடிக்க, இருட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது. வீட்டில் உட்கார்ந்தால் தூக்கம் வருமே தவிர கலை வராது. இதை நான் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமனாருக்கு அங்கே பலசரக்குக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டிப் பாதை, அதைத் தாண்டினால் டூரிங் கொட்டகை. அந்தக் கொட்டகை வந்தபோதே மாமனார், இரைச்சலில் குடியிருக்க முடியாது என்று மனு கொடுத்தாராம். டூரிங் என்றால் கொஞ்ச நாளில் வேறு ஊருக்குப் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்ததாம். அவரும் பொறுத்தார். கொட்டகை ஓர் அடி நகரவில்லை. என் மனைவி பாவாடை கட்டிய நாளிலிருந்து தாவணியைத் தாண்டிச் சேலைக்கு வந்து, கல்யாணமும் ஆகிவிட்டது. கொட்டகை அங்கேயே இருந்தது. மாமனார் கோபத்தில் ஒரு சபதம் போட்டிருந்தார்: இந்த வீட்டு ஆட்கள் யாரும் அந்தக் கொட்டகை மணலை மிதிக்கக் கூடாது.

ஆனால் சத்தத்துக்கு யார் சபதம் போடுவது? சாயங்காலம் ஆனால் குழாயில் பக்திப் பாட்டு, பிறகு முதல் ஆட்டம், அதற்குப் பிறகு இரண்டாம் ஆட்டம். என் மாமியார், அதாவது அத்தை, கடைக்கு வாங்கி வந்த மிளகாய் வத்தலைக் கொல்லையில் கொட்டிக் காம்பு கிள்ளிக்கொண்டே எல்லாப் படத்தையும் கேட்டுவிடுவார். ஒரு படம் ஒரு வாரம் ஓடினால் நாலாம் நாள் அவருக்கு வசனம் முழுக்கப் பாடம். கொட்டகைக்குப் போய்ப் பார்த்த பெண்களே மறுநாள் மத்தியானம் அவரிடம் வந்து உட்கார்ந்து, "அந்த எடத்துல அவன் என்ன சொன்னான்னே தெரியலக்கா, பக்கத்துல ஒரு பிள்ளை அழுதுருச்சு" என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அத்தை வத்தலைக் கிள்ளியபடி அதை அப்படியே சொல்லுவார். அழுகிற இடத்தில் அழுவார். அது வத்தல் காரமா, வசனமா என்று யாருக்கும் தெரியாது.

நான் போய் இறங்கிய அன்றே என் கொள்கையை மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு வழக்கப்படி அத்தை என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், நான் கேட்டுக்கொள்ள வேண்டும். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் வீட்டுலயேதான் அம்புட்டுப் படமும் பாத்திருக்கேன்னு சொல்லு அவுககிட்ட."

பார்த்திருக்கேன் என்றார், கேட்டிருக்கேன் என்று சொல்லவில்லை. நான் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதே கதவுக்குப் பின்னாலிருந்து இன்னொன்று வந்தது. "அவுக இன்னைக்குப் படத்துக்குப் போனா ஒரே ஒண்ணு மட்டும் பாத்துட்டு வரச் சொல்லு. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால கதவு தெறக்கும். ஒருத்தர் தடியை ஊனிக்கிட்டு வருவாரு. அதுவரைக்கும் அழுதுக்கிட்டிருந்த பொண்ணு அழுகையை நிப்பாட்டிருவா. வந்தவரு ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அவரு பேரையும் யாரும் சொல்ல மாட்டேங்குறாக. பாத்துட்டு வந்தவளுகளக் கேட்டா, யாரோ பெரியவருங்குறாளுக. யாரு அவருன்னுதான் எனக்குப் பிடிபடல."

மருமகன் மீது சபதம் செல்லாது. போனேன். தடிச் சத்தம் கேட்டது. சரியாக அந்த நேரத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர் எழுந்து நின்று வேட்டியை அவிழ்த்து உதறிக் கட்டினார். அவர் நிதானமானவர். கட்டி முடித்து உட்கார்ந்தபோது திரையில் வயலும் வரப்பும் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து, ஒரு வேட்டியைத்தான் பார்த்தேன் என்று சொல்ல மனமில்லாமல், "யாரோ பெரியவர்" என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து மெதுவாக, "பெரியவருன்னு எனக்கே தெரியுமே" என்று வந்தது.

மறுநாள்தான் விருந்து. அந்தப் படத்துக்கும் அன்றுதான் கடைசி நாள். விடிந்தால் படப்பெட்டி பஸ் ஏறிப் பரளச்சிக்குப் போகிறது. அத்தைக்கு அந்தத் தடிக்காரர் கடைசிவரை வெறும் சத்தமாகவே இருந்துவிடுவார். எனக்கு என்னவோ அது உறுத்தியது.

எங்கள் பக்கத்தில் தலை ஆடிக்கு மாப்பிள்ளை முறுக்கிக்கொள்வது ஒரு சம்பிரதாயம். இலை போட்டதும் உட்காராமல் நிற்க வேண்டும். என்ன வேண்டும் என்று மாமனார் கேட்க வேண்டும். கைக்கடிகாரமோ சைக்கிளோ கேட்டு வாங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். நானும் நின்றேன். சொந்தக்காரர்கள் எல்லாம் இலைமுன் உட்கார்ந்திருந்தார்கள்.

"உக்காருங்க மாப்பிள" என்றார் மாமனார். என் எண்ணம் புரிந்தவர் போலப் பின்னால் அலமாரிப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"அத்தையை இன்னைக்குக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போகணும் மாமா" என்றேன்.

அலமாரிப் பக்கம் போன கை அங்கேயே நின்றது. பந்தியில் ஒருவர் அப்பளத்தைக் கடித்த சத்தம் ஊருக்கே கேட்டது. மாமனார் என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். மாப்பிள்ளை பட்டினியாக எழுந்து போனால் அது சபதம் உடைவதைவிடப் பெரிய அவமானம். கணக்குப் போட்டு முடிக்க அவருக்குச் சாதம் ஆறுகிற நேரம் பிடித்தது.

"வெளக்கை அமத்துன பெறகு உள்ள போகணும். வெளக்குப் போடுறதுக்கு முன்னாடி வெளிய வந்துறணும். என் வீட்டு ஆளு வந்துச்சுன்னு ஒரு காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது. தெரிஞ்சா, நான் மனுக் குடுத்த மூஞ்சிய எங்க வச்சுக்கிறது? உங்க பொறுப்பு மாப்பிள."

பொறுப்பை ஏற்றுக்கொண்டு சாப்பிட்டேன். அங்கே ஒரே ஒரு மிஷின்தான், சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள் என்பது பாயசம் வரும்போதுதான் நினைவுக்கு வந்தது.

இருட்டியதும் மூவரும் போனோம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர். அதை ஒட்டி இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மனைவியும் அத்தையும். விளக்கு எரிகிற போதெல்லாம் அத்தை முக்காட்டை இழுத்துவிட்டு, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். கொட்டகையில் அத்தனை பேரும் முன்பக்கம் பார்த்திருக்க ஒருவர் மட்டும் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இருட்டில் அவர் மகளிடம் குசுகுசுப்பது எனக்குக் கேட்டது. "இந்த நோஞ்சானா அம்புட்டுச் சத்தம் போட்டான்? நான் இவனை நல்லா வாட்டசாட்டமா வச்சிருந்தேன்." ஏமாற்றம்தான், ஆனால் கண் எடுக்காமல் பார்த்தார்.

கடைசிச் சுருள் ஓடும்போது, திரையில் ஒருவன் கையை ஓங்கி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் செத்துப்போயிற்று. விசில் பறந்தது. தரை டிக்கெட்டிலிருந்து மணலை வாரி இறைத்தார்கள். ஆபரேட்டர் வெளியே தலையை நீட்டி, "சவுண்டு மிஷின்ல வால்வு போயிருச்சு. அருப்புக்கோட்டையில இருந்துதான் வரணும். படம் மட்டும் ஓடும். பாக்குறதுன்னா பாருங்க, இல்லைன்னா நிப்பாட்டுறேன்" என்றார்.

"ஊமைப் படத்தை யாருலே பாக்குறது? நிப்பாட்டு" என்றது ஆண்கள் பக்கம். நிப்பாட்டு, நிப்பாட்டு என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். சிலர் எழுந்து துண்டை உதறினார்கள். தடிக்காரர் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அத்தைக்கு இன்று இல்லையென்றால் என்றைக்கும் இல்லை. நான் எழுந்து, ஊமைப் படத்திலும் ஒரு கலை உண்டு என்று பேசலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, எழவில்லை.

அப்போது என் மனைவி கேட்டாள், "என்னம்மா சொல்றான் அவன்?" அத்தை பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். மத்தியானம் கொல்லையில் சொல்வது போலவே, அவன் குரலிலேயே. அடுத்து, திரையில் இருந்தவளின் பதிலை அவள் குரலில். பக்கத்துப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களுக்கு அடுத்திருந்தவர்கள் நிறுத்தினார்கள். அமைதி சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. எழுந்து நின்ற ஒருவனை அவன் பக்கத்து ஆள் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "சும்மா கேளுலே" என்றான்.

யாரோ ஒரு பெண், "பலசரக்குக் கடை அக்காதான்" என்றாள். காக்காய்க்குத் தெரியக் கூடாது என்றிருந்தார் மாமனார். காக்காய் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு மணலுக்குள் போய்விடலாம் போல இருந்தது. முதல் ஆடியிலேயே வாக்குத் தவறிய மாப்பிள்ளை. இனி தீபாவளிக்கு எந்த முகத்தோடு வருவது? ஆனால் என் காது மட்டும் வெட்கமில்லாமல் அந்தப் பக்கமே இருந்தது. நாயகன், வில்லன், தாயார், கோர்ட்டு வக்கீல் எல்லோரும் ஒரே தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒருவர், "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார். அத்தை கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

திரையில் கதவு திறந்தது. அத்தை நிறுத்திவிட்டார். அங்கே வசனம் இல்லை.

ஒரு கிழவர் தடியை ஊன்றி வந்து நின்றார். அழுத பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். கொட்டகையில் ஆடிக் காற்று கீற்றை உரசுகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். முக்காடு தோளில் கிடந்தது. அதை இழுத்துவிட அத்தைக்கு நினைவில்லை.

காட்சி முடிந்தது. நாயகன் வந்து வாயை அசைத்தான், அசைத்துக்கொண்டே இருந்தான். "அம்மா, வசனம்" என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். கொட்டகையே சிரித்தது. அத்தையும் சிரித்துவிட்டு, விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பில்தான் நான் பின்னால் திரும்பினேன். வாசல் கம்பத்தடியில் மாமனார் நின்றிருந்தார். மேலே சட்டை இல்லை. காலில் செருப்பு இல்லை. கையில் கிணற்றடி வாளி, நிறையத் தண்ணீர்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. இத்தனை வருஷம் திட்டிக்கொண்டே கேட்ட சத்தம் பேச்சின் நடுவில் பட்டென்று நின்றதும், கடையில் இருந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. ஆடிக் காற்று, கீற்றுக் கொட்டகை, உள்ளே பெண்டாட்டியும் மகளும். கூச்சல் வேறு கேட்டிருக்கிறது. தீதான் என்று முடிவுகட்டி, கிணற்றடியில் நிறைத்து வைத்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வண்டிப் பாதையில் ஓடி வந்திருக்கிறார். வாசலில் நின்ற ஆள் டிக்கெட் கேட்கவில்லை. வாளியோடு வருகிறவரிடம் என்ன கேட்பது?

வந்தவர் உள்ளே தீயைத் தேடினார். கிடைத்தது அவர் மனைவியின் குரல். படம் முடியும்வரை வாளியை இறக்கி வைக்காமலே நின்றார். விளக்குப் போட்டதும் ஊர் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. கொட்டகை முதலாளி ஓடி வந்து, "வாங்கண்ணாச்சி, உக்காருங்க" என்றார். "நான் படம் பாக்க வரல" என்றார் மாமனார். இன்றுவரை அவர் வாதம் அதுதான். வாளியோடு போனது படம் பார்த்ததில் சேராதாம்.

வீட்டுக்குத் திரும்பும்போது முன்னால் அவர் வாளியோடு, பின்னால் நாங்கள். எனக்கு வரவேண்டிய திட்டுக்காகக் காதைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். கொல்லை வாசலில் நின்று அத்தையிடம் திரும்பினார்.

"வில்லனுக்கு ஒரு கொரல் குடுத்தியே, அது எங்க புடிச்ச?"

"உங்க கொரலுதான். கோவமாப் பேசுற ஆம்பிளக் கொரலு வேற எதைக் கேட்டேன் நானு?"

மாமனார் வாளித் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். ஊற்றி முடிக்கும்வரை அவர் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. மறுநாள் காலையில் அலமாரியிலிருந்து கைக்கடிகாரமும் வந்தது.

பஸ் ஏறுவதற்கு முன் மனைவியை அத்தையிடம் கேட்கச் சொன்னேன், தடிக்காரர் நினைத்தபடி இருந்தாரா என்று. பதில் கதவுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. அத்தை நேரே முன்னால் வந்து நின்று என்னைப் பார்த்தே சொன்னார்: "இல்ல மாப்பிள. நான் நெனச்சவரு இன்னும் ஒசரம். ஆனா அந்தப் பொண்ணு அவரைப் பாத்த பார்வை இருக்கே, அது மட்டும் வீட்டுல இருந்தா கெடைச்சிருக்காது."

அதற்குப் பிறகு அத்தை ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். முதல் மூன்று நாள் வீட்டிலிருந்து படத்தைப் பார்ப்பார். நாலாம் நாள் கொட்டகைக்குப் போய், தான் பார்த்தது சரியா என்று சரிபார்ப்பார். பெரும்பாலும் தன்னுடைய படமே நன்றாக இருந்தது என்றுதான் திரும்பி வருவார்.

இப்போது மெட்ராஸிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், வீட்டுக்குள்ளேயே படம் தெரிகிற பெட்டி வந்துவிட்டது, இனி யார் கொட்டகைக்குப் போவார்கள் என்கிறார்கள். என் பழைய கொள்கையைச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொள்கிறேன். கொட்டகையா வீடா என்று எனக்கு இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் எங்கே படம் பார்த்தாலும் நடுவில் சத்தம் ஒரு நொடி நின்றுவிட்டால், எல்லோரும் ஆபரேட்டர் அறையைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் வாசலைத் திரும்பிப் பார்க்கிறேன், யாராவது வாளியோடு ஓடி வருகிறார்களா என்று.