பாஸ் தேடித் தவழ்ந்தபோது

மகள் வேலைக்காகப் புனே போனபின், துடியலூர் வீட்டில் நானும் அவள் விட்டுப்போன சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியும்தான். பாட்டின் கீழ்த்தொனியான பாஸ் தெளிவில்லாமல் கும்மென்று காதை அடைத்தது. "பெட்டியை உங்க நாற்காலியில வெச்சுட்டு, தரையில தவழ்ந்து பாருங்கப்பா. எங்க நல்லாக் கேக்குதோ, அங்க பெட்டியை வைங்க" என்றாள் மகள் போனில்.

ஞாயிறு மாலை சத்தமாகப் பாடவிட்டுத் தவழ்ந்தேன். சோபாவுக்குப் பின்னால் பாஸ் அழகாகக் கேட்டது. கண்மூடி அங்கேயே படுத்துவிட்டேன். படாரெனக் கதவு திறந்தது.

"ஏனுங்க, உழுந்துபோட்டீங்களா?" மாற்றுச்சாவியோடு பக்கத்து வீட்டம்மா அலறினார்.

"பாஸ் தேடறேனுங்க."

"நல்லாத் தேடுனீங்க போங்க! நீங்க போனை எடுக்கலைன்னு புள்ளை அழுதுட்டு இருக்குது" என்று தன் போனை நீட்டினார்.

மகளின் விசும்பல் மட்டும் கேட்டது. அவள் எடுக்காத நாட்களில் நான்தான் இப்படிப் பதறுவேன். எனக்காகவும் ஒருத்தி பதறுவாள் என்று நினைத்ததே இல்லை.

சப்வூஃபர் இப்போது சோபாவுக்குப் பின்னால் இருக்கிறது. பாட்டுக் கேட்கையில் போனை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.