சதுப்பில் மான் படுக்கும் மேடு

அபுதாபிப் பக்கம் ருவைஸில் நான் டிராஃப்ட்ஸ்மேனாக வேலை பார்த்த ஆண்டுகளில் வரைந்தது பூராவும் குழாய்களும் தொட்டிகளும்தான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை விரிவாக்கிக்கொண்டிருந்தார்கள். போர்ட்டா கேபின் ஒன்றில் இரண்டு கம்ப்யூட்டர், சுவரோரம் வரைபடம் அச்செடுக்கும் ஒரு பெரிய பிளாட்டர், மூலையில் சுலைமானி என்கிற பாலில்லாத டீ போட ஒரு கெட்டில். அங்கே தினமும் பத்து மணி நேரம் இருந்திருக்கிறேன். அத்தனை வரைபடங்களில் இன்றைக்கும் மனதில் கோடு கோடாக நிற்பது ஒன்றுதான். அது ஆலையுடையது அல்ல. நான் காலே வைத்திராத அமெரிக்கச் சதுப்பு நிலம் ஒன்றினுடையது.

அதைக் கொண்டுவந்தவர் எங்கள் தலைமை சர்வேயர். அமெரிக்காவின் வடக்கு எல்லையில், ஏரிகள் நிறைந்த ஒரு மாநிலத்துக்காரர். என் வயதுதான், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வெயிலில் கழுத்து மட்டும் செங்கல் நிறமாகியிருக்கும். டிரைவர்களிடமிருந்து 'பாய்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறவர்களையெல்லாம் அப்படியே கூப்பிடுவார். நான் அவரை சார் என்றால் கோபம் வரும். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. கடைசியில் நானும் அவரை பாய் என்றே கூப்பிட ஆரம்பித்தேன். சிவகங்கைக்காரன் ஒருவனும் அமெரிக்கர் ஒருவரும் ஒருவரையொருவர் பாய் என்று அழைப்பதைக் கேட்டு, சைட்டில் இருந்த பாகிஸ்தானி ஃபோர்மேன் விழுந்து விழுந்து சிரிப்பார்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு என்று நினைவு. ஒரு வியாழக்கிழமை மாலை வேலை முடிந்ததும் கையில் ஒரு காகிதச் சுருளோடு வந்தார். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். ஆனால் அவர் சொன்னதெல்லாம் இப்போது எனக்குத் தமிழில்தான் காதில் விழுகிறது.

"பாய், நீ காண்டூர் நல்லா படிப்பியே. இதைக் கொஞ்சம் பாரு."

விரித்தார். உயரக் கோடுகள் போட்ட நிலப்படம். நடுவில் கோடே இல்லாத பெரிய வெற்றிடம், அதில் நீல நிறத்தில் சின்னச் சின்னப் புல் குறிகள்.

"சதுப்பா?"

"சதுப்பு. உள்ளே எங்கேயோ மான் படுக்குது. எங்கேன்னு கண்டுபிடிக்கணும்."

அவர் ஊரில் அது அரசு நிலம். லைசன்ஸ் எடுத்த யாரும் பருவ காலத்தில் அங்கே மான் வேட்டையாடலாம். எங்கள் ஊரில் மானைத் தொட்டால் ஜெயில் என்றேன். அங்கே மான்கள் பெருகிப் போய் தோட்டத்தை மேய்கின்றன, காரில் வந்து மோதுகின்றன என்றார். சுட்டால் அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் அந்தக் கறிதானாம். நான் ஞாயிறு தவறாமல் மட்டன் சாப்பிட்டு வளர்ந்தவன். மேற்கொண்டு நியாயம் பேச எனக்கு என்ன இருந்தது?

ஒவ்வொரு நவம்பரிலும் அவருக்கு மூன்று வாரம் லீவ். நான்கு நவம்பராக அந்தச் சதுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்பதால் எல்லோரும் வருவார்கள். கூட்டம் வரவர மான்கள் உள்ளே உள்ளே போய்விடும்.

"முதல்ல மானைத் தேடக் கூடாது பாய். மனுஷனைத் தேடணும்" என்று சொல்லிவிட்டு, வண்டி நிறுத்தும் இடங்கள் மூன்றைச் சிவப்புப் பேனாவால் குறித்தார். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டார். காரை விட்டு இறங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வட்டத்துக்கு மேல் நடக்கமாட்டார்கள் என்றார். மூன்று வட்டங்களுக்கும் வெளியே மிஞ்சிய இடம், சதுப்பின் நடுவில் ஒரு கோணல் முக்கோணமாக நின்றது.

அன்றிலிருந்து வியாழன் மாலைகள் எங்களுடையவை ஆகிவிட்டன. மறுநாள் லீவ் என்பதால் கேபின் காலியாகிவிடும். அவர் கேன்டீனிலிருந்து சமோசா வாங்கி வருவார். நான் சுலைமானி போடுவேன். அப்போதுதான் வான்படங்களைக் கம்ப்யூட்டரில் பார்க்கிற வசதி வந்திருந்தது. எங்கள் ஆபீஸ் இன்டர்நெட்டில் ஒரு படம் திறப்பதற்குள் டீ ஆறிப்போகும். மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகப் படம் இறங்கும். அதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்போம். ஜன்னலுக்கு வெளியே மரம் என்று ஒன்று கிடையாது. உள்ளே நாங்கள் இரண்டு பேரும் ஒரு காட்டின் மேல் பறந்துகொண்டிருப்போம்.

மான் எப்படிப் படுக்கும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். சதுப்பில் தண்ணீரை விட ஒரு சாண் உயர்ந்த மேடு கிடைத்தால் போதும். காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி படுத்துக்கொண்டு கண்ணால் முன்பக்கத்தைப் பார்க்கும். பின்னாலிருந்து வருகிறவனை மூக்கு பிடித்துவிடும், முன்னாலிருந்து வருகிறவனைக் கண் பிடித்துவிடும். ஒரு சாண் மேடு எந்தக் காண்டூரிலும் விழாது. அதை வேறு வழியில்தான் பிடிக்க வேண்டும்.

பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்தக் கோணல் முக்கோணத்துக்குள் கரும்பச்சையாக ஒரு திட்டு தெரிந்தது. சுற்றிலும் நாணல், அங்கே மட்டும் ஊசியிலை மரங்கள்.

"மரம் நிக்குதுன்னா தரை இருக்கணும்ல பாய்?"

அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இருக்கணும்" என்றார். அந்தத் திட்டைப் பெரிதாக்கி, போகும் வழியைக் கோடு போட்டு, பிளாட்டரில் முழுத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு நவம்பரில் போனார்.

திரும்பி வந்த அன்று காலை நேராக என் மேஜைக்கு வந்தார். முகம் இளைத்திருந்தது. ஒரு பையிலிருந்து முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒன்றுதான் இருந்தது.

"இன்னொண்ணு உன் தீவுல இருக்கு" என்றார்.

அது தீவே அல்ல. தண்ணீர் மேல் பாசி மெத்தைபோல் படிந்து, அந்த மெத்தையில்தான் மரங்கள் முளைத்திருந்தன. பத்தடி நடந்திருப்பார், இடுப்பு வரை உள்ளே போய்விட்டார். பனி விழ ஆரம்பித்திருந்த நேரம். துப்பாக்கியை இரண்டு மரங்களுக்குக் குறுக்கே போட்டு, அதைப் பிடித்து மேலேறவே அரை மணி நேரமாம். ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் சாக்ஸுமாகக் கார் வரைக்கும் நடந்திருக்கிறார். மீதி லீவ் முழுக்கக் காய்ச்சலில் படுக்கை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏசி அறையில் சமோசா தின்றுகொண்டு, பார்த்தே இராத நிலத்தில் இங்கே நட என்று ஒரு மனிதரை அனுப்பிவைத்திருக்கிறேன். அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருந்தாள். அவர் கேபினில் மேஜை மேல் அவள் படம் இருக்கும். அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். வியாழக்கிழமை வந்தால் தலைவலி என்று சொல்லி முதல் பஸ்ஸில் கேம்புக்குப் போய்விடுவேன். இரண்டு மாதம் அப்படியே ஓடியது.

பிப்ரவரியில் ஒரு குழாய்ப் பாதைக்கு அளவெடுக்கக் கடலோரம் போக வேண்டியிருந்தது. வரைந்தவன் நேரில் பார்க்கட்டும் என்று என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வண்டியில் அவர், நான், டிரைவர். டிரைவர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கம் முழுக்க சப்கா. பார்க்கக் காய்ந்த உப்புத் தரைபோல் வெள்ளையாக இருக்கும். மேல் ஓடு உடைந்தால் அடியில் களிச்சேறு. பழைய சக்கரத் தடத்தை விட்டு இரண்டு மீட்டர் விலகியிருப்போம்.

"அண்ணே, வண்டி எறங்குதுண்ணே!" என்றார் டிரைவர்.

நான் கதவைத் திறப்பதற்குள் முன்சக்கரங்கள் இரண்டும் அச்சு வரை போய்விட்டன. வண்டி சிக்கிவிட்டது, சீக்கிரம் டிராக்டர் அனுப்பு என்று டிரைவர் வயர்லெஸ்ஸில் இந்தியில் கத்தினார். "பாய், காடி ஃபஸ் கயா! ஜல்தி டிராக்டர் பேஜோ!" டிராக்டர் வர மூன்று மணி நேரமாகும் என்று பதில் வந்தது. "கலாஸ், முடிஞ்சுது. இன்னிக்குச் சாப்பாடு மாஃபி, கிடையாது" என்று சொல்லிவிட்டு அவர் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார்.

அமெரிக்கர் இறங்கி, அளவுக் கம்பால் குத்திக் குத்திப் பார்த்தபடி கொஞ்ச தூரம் போனார். பிறகு கையசைத்து என்னைக் கூப்பிட்டார். உப்பின் மேல் சின்னச் சின்னக் குளம்புத் தடங்கள். பாலைவனத்தில் திரியும் சிறு மான்கள் அவை. ஒன்றின் பின் ஒன்றாக நடந்து நடந்து ஒரு கோடாகவே பதிந்திருந்தது. நேராகப் போகவில்லை. வளைந்து, ஓரிடத்தில் திரும்பி, மறுபடி வளைந்து அக்கரை மணல் மேட்டுக்குப் போனது. கோட்டின் மேல் கம்பால் குத்தினார். 'டக்' என்று சத்தம். ஒரு கை தள்ளிக் குத்தினார். கம்பு அரை மீட்டர் உள்ளே போயிற்று.

நாங்கள் அந்தக் கோட்டின் மேலேயே, கயிற்றில் நடப்பவர்கள் மாதிரி கால் மாற்றிக் கால் வைத்து அக்கரைக்குப் போனோம். எங்குமே கால் இறங்கவில்லை. மணல் மேட்டில் ஒரு புதரடியில் மூன்று இடங்களில் மணல் குழிந்து வழுவழுவென்று இருந்தது. படுத்து எழுந்துபோன இடங்கள். சூடு இருக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நானும் வைத்தேன்.

"பாய், நாம மரத்தைப் பார்த்தோம். பாதையைப் பார்க்கவே இல்லை" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு மாசமா உனக்கு என்ன தலைவலி?"

"நீங்க செத்துப்போயிருந்தா?"

"போகலையே. அதுக்கு முன்னாடி நானே போட்ட கோட்டுல நாலு தடவை தப்பாப் போயிருக்கேன். அதுக்கு யாரு தலைவலின்னு படுத்தா?"

அடுத்த வியாழக்கிழமை நான் தங்கிவிட்டேன்.

புதிதாக ஒரு படம் தேவைப்பட்டது. கோடைப் படத்தில் இலைகள் எல்லாவற்றையும் மூடிவிடும். பனி உருகி, இலை துளிர்ப்பதற்கு முன் எடுத்த படம் வேண்டும். அவர் மனைவி அங்குள்ள நில அலுவலகத்தில் கேட்டு வாங்கி ஒரு சிடியில் அனுப்பினார். அதைப் போட்டுப் பார்த்தபோது நாணல் காட்டில் தலைமயிர் மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தன. பல மாலைகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தனி நிறத்தில் வரைந்தேன். நான் சொன்ன கரும்பச்சைத் திட்டை எல்லாக் கோடுகளும் சுற்றிக்கொண்டு போயின. ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை. அதற்கு வடக்கே, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு வெளிறிய புல் திட்டில் ஐந்து கோடுகள் வந்து சேர்ந்தன.

"இதுதான் படுக்கை" என்றார் மெதுவாக, பக்கத்தில் மான் இருப்பதுபோல.

படுக்கைக்கே போகக் கூடாது, போனால் ஓடிவிடும். அங்கிருந்து தெற்கே ஓக் மரங்களுக்கு மேயப் போகும் பாதையில், சாயங்காலம் காத்திருக்க வேண்டும். காற்று மேற்கிலிருந்து வரும் நாளில் பாதைக்குக் கிழக்கே உட்கார்ந்தால் மனித வாசனை மான் பக்கம் போகாது. கிழக்கே ஓர் ஓடை இருந்தது. அதன் தண்ணீருக்குள்ளேயே நடந்து போனால் சத்தமும் கேட்காது, தடமும் இருக்காது. ஒரு மரத்தில் இருக்கை கட்டுவது என்று முடிவானது. இந்த முறை படத்தின் கீழே நான் பெரிதாக எழுதினேன்: 'ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கம்பால் குத்திப் பார்க்கவும்.'

அந்த நவம்பரில் அவர் போனதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. வீட்டுக்கு போன் பண்ணும்போது மனைவி கேட்டாள், "என்னங்க, கொரலே சரியில்ல?"

"ஒண்ணுமில்ல. இங்க ஒருத்தர் மான் வேட்டைக்குப் போயிருக்காரு. நான்தான் எடம் பாத்துக் குடுத்தேன்."

"மானையா? அடப்பாவி மனுஷா! அது ஒங்கள என்ன பண்ணுச்சு?"

"கிடைச்சாத்தான் பாவம். இன்னும் கிடைக்கல."

"கெடைக்கவே வேணாம். நான் வேண்டிக்கிறேன்" என்றாள். அவள் வேண்டினால் பெரும்பாலும் பலித்துவிடும் என்பதால் எனக்கு உள்ளூரக் கவலையாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம், ஒரு காலையில் ஆபீஸ் போன் அடித்தது. தூரத்துச் சத்தம், நடுவில் ஓர் இரைச்சல்.

"பாய்!"

"சொல்லுங்க பாய்!"

"வந்தது. நீ போட்ட மூணாவது கோட்டு மேலேயே வந்தது."

வேட்டைப் பருவம் தொடங்கி ஆறு நாள் காற்று சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டாராம். ஏழாம் நாள் மேற்குக் காற்று. ஓடை வழியாகப் போய் மரத்தில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வெளிச்சம் மஞ்சளாகும் நேரத்தில் முதலில் இரண்டு பெண் மான்கள் போயிருக்கின்றன. விட்டுவிட்டார். பின்னால், நின்று நின்று, கொம்பு கனத்த ஆண் மான் வந்தது. ஒரே குண்டு. இறங்கிப் போய் அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் என்றார்.

போனை வைத்ததும் எழுந்து கேபினுக்குள்ளேயே இரண்டு முறை நடந்தேன். பாகிஸ்தானி ஃபோர்மேன் எட்டிப் பார்த்து, "க்யா ஹுவா பாய், ஊரில் குழந்தை பிறந்ததா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். மத்தியானத்துக்குள் சைட் முழுக்க ஸ்வீட் கேட்டு வந்துவிட்டார்கள். வாங்கிக் கொடுத்தேன்.

மனைவியிடம் அந்த மான் கிடைத்த விஷயத்தைப் பல வருஷம் சொல்லவில்லை.

அதற்கடுத்த ஆண்டு வேலை முடிந்து எல்லோரையும் கலைத்தார்கள். அவர் அமெரிக்காவுக்கே போய்விட்டார். நான் ஓமானில், சோஹாரில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தேன். அங்கும் பிளாட்டர் இருந்தது, வியாழக்கிழமை மாலையும் இருந்தது. ஐந்து மணிக்கு அணைத்துவிட்டு எல்லோரும் ரூமுக்குப் போய்விடுவோம்.

ஒருமுறை அவர் என் சோஹார் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். அந்த வருஷம் மகளையும் அதே மரத்துக்குக் கூட்டிப் போனாராம். குழந்தை ஒரு நிமிஷம்கூட வாயை மூடவில்லை. குளிருது, பசிக்குது, அந்தப் பறவை என்ன, மான் எப்ப வரும் என்று மூன்று மணி நேரமும் பேசிக்கொண்டே இருந்தாளாம்.

"அப்புறம் மான் எங்க பாய் வரும்?" என்றேன்.

"வரலை. ஒண்ணுகூட வரலை" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.