மச்சம் இருக்கட்டும்

மோதிர விரலை மூக்கின் ஓரத்தில் ஒரு முறை தடவிக்கொண்டு, நெகட்டிவின் மேல் ஒரே இழுப்பாக இழுக்கிறார். மணப்பெண்ணின் கழுத்துக்குக் குறுக்கே ஓடிய கீறல் காணாமல் போகிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். அடுத்த நெகட்டிவ். மறுபடியும் விரல் மூக்குக்குப் போகிறது.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருக்கும் போட்டோ ஸ்டூடியோவில் தனுஷ்கோடி இருபத்தாறு வருஷமாக டச்சிங் வேலை பார்க்கிறார். சாய்வு மேஜை. நடுவில் பால் கண்ணாடி. அடியில், ஜன்னல் வெளிச்சத்தை மேலே தள்ளிவிடும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பருவையும் அம்மைத் தழும்பையும் ஊசியாகச் சீவிய பென்சிலால் எடுத்துவிடுவார். கீறலுக்குப் பென்சில் ஆகாது. தேங்காயெண்ணெய் பரவிவிடும், வாசலின் அப்பிக்கொள்ளும். மூக்கோரத்து எண்ணெய் ஒன்றுதான் கீறலுக்குள் மட்டும் போய் உட்காரும் என்பார்.

அதனால் வேலை இருக்கும் நாளில் அவர் முகத்துக்குச் சோப்புப் போடுவதில்லை. "இவரு மூஞ்சில எண்ண வடிஞ்சாத்தான் எங்க வீட்டுல ஒல கொதிக்கும்" என்று முத்துத்தாய் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அவர் மனைவி அவள். கல்யாண வீடுகளில் அவரைவிட்டு நாலு நாற்காலி தள்ளித்தான் உட்காருவாள்.

கீறல் கண்ணில் பட்டால் சும்மா இருக்க அவரால் முடியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கொஞ்சம் கழத்துங்களேன்" என்று கேட்டு அடி வாங்கப் போனவர். எங்கே நிறுத்துவது என்பதும் அவருக்குத் தெரியாது. திருச்சுழிப் பெண் ஒருத்தியின் படத்தில் கன்னத்து மச்சத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள், "போட்டோவுல இருந்த புள்ளைய எங்க ஒளிச்சு வச்சிருக்கீக?" என்று கேட்டார்கள். ஸ்டூடியோக்காரர் மாதவன் மச்சத்தோடு வேறு பிரதி போட்டு, தானே கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து நெகட்டிவ் உறைகளின் மேல் சிவப்பு மையில் எழுதிவைக்கிறார்: மச்சம் இருக்கட்டும்.

போன தை மாதம் ஒருநாள் காலையில், எம்.ரெட்டியபட்டி சுந்தரபாண்டி மாடிப்படி ஏறி வந்தார். பத்து ஏக்கர் கரிசலும் முறுக்கிய மீசையும் உள்ள மனிதர். மடியை அவிழ்த்து, துண்டில் சுற்றிய ஒன்றை மேஜைமேல் வைத்தார். உள்ளங்கையில் அடங்கும் வீடியோ கேம். மேலிருந்து கட்டைகள் விழ விழ அடுக்க வேண்டிய விளையாட்டு. அதன் திரை பனி பிடித்ததுபோல் மங்கிக் கிடந்தது. குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள்.

"போட்டோவுல கீறல் எடுப்பீகளாம்ல. இதுலயும் எடுக்கணும்ணே."

"யாரு சாமான் அண்ணாச்சி?"

சுந்தரபாண்டி படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "எங்க மாப்ளயோடது."

மகள் தங்கச்செல்வியைக் கட்டிய அசோக்குக்கு மெட்ராஸில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக விருந்துக்கு வந்திருக்கிறார். நேற்று மத்தியானம் அவர் சாப்பிட்டுத் தூங்கியபோது, இவர் அதை எடுத்துக்கொண்டு பருத்திக் காட்டுக்குப் போய்விட்டார். வரப்பில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை ஆடியிருக்கிறார். எழுந்தபோது மடியிலிருந்து நழுவிச் சரளையில் விழுந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி கருத்தம்மாளிடம் கொடுத்தார். அவள் பித்தளைச் செம்பு விளக்குவதுபோல் சாம்பலும் புளியும் போட்டு ஒரு தேய் தேய்த்துக் கொடுத்துவிட்டாள்.

"மாப்ளட்ட சொல்லீரலாம்ல?"

"என்னன்னு சொல்ல? அவுக முன்னால நான் இன்னும் சேர்ல ஒக்காந்ததில்லண்ணே. 'வாங்க', 'சாப்பிடுங்க', அம்புட்டுத்தான் பேச்சு. மாமனாரு பம்பரம் வெளையாடுற பயலாட்டம் களவாண்டு வெளையாண்டாருன்னு மெட்ராஸு பூராம் சொல்லிச் சிரிக்கவா? ரெண்டு பேரும் திருச்சுழி கோயிலுக்குப் போயிருக்காக. பொழுதடைய வந்திருவாக. நாளைக்குக் காலைல ஊருக்கு."

தனுஷ்கோடி கேமை ஜன்னலுக்குக் காட்டிச் சாய்த்துப் பார்த்தார். விரல் மூக்கோரம் போய் வந்தது. திரையில் இரண்டு இழுப்பு. பனி விலகிக் கட்டைகள் தெரிந்தன.

"அடி சக்க! போதும்ணே, குடுங்க" என்று சுந்தரபாண்டி கையை நீட்டினார்.

தனுஷ்கோடி கொடுக்கவில்லை. கட்டைவிரலால் திரையை அழுத்தித் துடைத்தார். கீறல்கள் அத்தனையும் திரும்பி வந்தன. "இது மறைக்கிற வேல. நெகட்டிவ யாரும் தொடைக்க மாட்டாக. இத மாப்ள பஸ்ஸுல ஏறுனதும் சட்டையில தொடைப்பாரு. அப்ப என்ன செய்வீக?"

சுந்தரபாண்டியைப் பெட்டிக்கடையில் ஒரு பல்பசைக் குழாய் வாங்கிவரச் சொன்னார். வெள்ளைப் பசைதான் வேண்டும், ஜெல் ஆகாது என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தார். திரையைச் சுற்றி நாடா ஒட்டி இடுக்குகளை மூடினார். பழைய வேட்டித் துணியைச் சுருட்டி, பட்டாணி அளவு பசை தொட்டு, சிறுசிறு வட்டமாகத் தேய்த்தார். ஈரத்துணியால் துடைத்தார், சாய்த்துப் பார்த்தார், மறுபடி தேய்த்தார். சாம்பல் கீறல்கள் ஒரு மணி நேரத்தில் போய்விட்டன. ஒன்று மட்டும் நகத்தில் தட்டியது. இடது மூலையிலிருந்து கோணலாக இறங்கும் ஆழமான கீறல்.

"அது ஒண்ணு கெடந்துட்டுப் போகட்டும்ணே."

"கெடக்கக் கூடாது."

மாதவன் சாப்பிடக் கூப்பிட்டார். போகவில்லை. மணி ஒன்றானது, இரண்டானது. சுந்தரபாண்டி சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்க தேய்க்கிறதப் பாத்தா எனக்குத் தோள்பட்ட வலிக்குதுண்ணே."

"அண்ணாச்சி, நீங்க வெளையாண்டதுக்குத்தான் எனக்கு வலிக்குது."

மூன்று மணிக்குச் சுந்தரபாண்டி திரையில் தன் மீசையைப் பார்த்தார். திரை, கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கியதுபோல் இருந்தது. துண்டில் சுற்றி மடியில் கட்டி, மேலே இடுப்புவார் போட்டு, ஒரு கையால் பிடித்துக்கொண்டே படியிறங்கினார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தனுஷ்கோடி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அவர் டீ குடிப்பது ஸ்டூடியோவுக்குக் கீழே. மதுரை பஸ்ஸின் ஜன்னலோரத்தில் அசோக்கும் தங்கச்செல்வியும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே சுந்தரபாண்டி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அசோக் கேமை எடுத்துச் சட்டையில் துடைத்தார். வெயிலில் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் இடது மூலையிலிருந்து கோணலாகத் தடவினார். மறுபடியும் தடவினார்.

"மாமா, இதுல கோணலா ஒரு கீறல் இருக்கும். நான் வாங்குன அன்னைக்கே சாவி பட்டு விழுந்தது. எங்க போச்சு?"

சுந்தரபாண்டி டீக்கடைப் பக்கம் பார்த்தார். தனுஷ்கோடி கிளாஸுக்குள் பார்த்தார்.

"நாந்தான் மாப்ளே எடுத்தேன். வயக்காட்டுல ஒக்காந்து வெளையாண்டேன். கீழ விழுந்திருச்சு. தேய்க்கக் குடுத்தேன். அதுவும் சேந்து போயிருச்சு போல."

அசோக் ஜன்னல் கம்பிக்கு வெளியே தலையை நீட்டினார். "ஸ்கோர் எம்புட்டு வந்துச்சு மாமா?"

சுந்தரபாண்டி துண்டைக் கக்கத்திலிருந்து எடுத்துத் தோளில் போட்டார். "நாலாயிரத்துச் சொச்சம்."

"பொய் சொல்றீங்க. எனக்கே மூவாயிரத்தைத் தாண்டல."

"அந்த நீளக் கட்டைக்குக் காத்துக் கெடக்கணும் மாப்ளே. ஓரத்துல ஒரு சந்து விட்டு வைக்கணும்."

பஸ் நகர்ந்தது. சுந்தரபாண்டி கூடவே நடந்து, அந்தச் சந்து எவ்வளவு அகலம் என்று கையால் காட்டிக்கொண்டே போனார்.

தனுஷ்கோடி மாடியேறி மேஜையில் உட்கார்ந்தார். முதல் உறையில் ஒரு பையனின் பள்ளிக்கூடப் படம். நெகட்டிவில் புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு கோடு. படச்சுருளில் விழுந்த கீறலா, பையன் எங்கேயோ விழுந்து வாங்கிய தழும்பா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தார். உறையைத் திருப்பினார். சிவப்பு மையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. மோதிர விரல் மூக்கோரம் போனது. அங்கேயே நின்றது.