தொட்டுக்க என்ன?

கல்யாணமான ஆறு வருஷத்தில் ஷைன் தன் மனைவி ஜூடித்திடம் அதிகமாகக் கேட்ட கேள்வி "சாப்பிட்டியா?" அல்ல, "உடம்புக்கு எப்படி இருக்கு?" அதுவும் அல்ல. "தொட்டுக்க என்ன?" என்பதுதான். தோசைத் தட்டைக் கையில் வாங்கும்போது கேட்பான். சப்பாத்தி கல்லில் கிடக்கும்போதே கேட்பான். தோசையும் சப்பாத்தியும் மழை பெய்கிற மாதிரி தானாக வந்து சேருகின்றன, பக்கத்தில் ஒரு கிண்ணம் வைப்பது மட்டும்தான் இவள் வேலை என்பது அவன் நினைப்பு. அந்தக் கிண்ணத்தில் என்ன இருந்தது என்று கை கழுவிய பிறகு கேட்டால் திருதிருவென்று முழிப்பான்.

இதை யாரிடம் கேட்டான் என்பதுதான் வயிற்றெரிச்சல். ஜூடித் நாகர்கோவில்காரி. வீட்டில் அத்தனை பேரும் தலையிலடித்துக்கொண்டபோதும் பிடிவாதமாகக் கேட்டரிங் படித்தவள். "படிச்சிட்டு ஓட்டல்ல எச்சித் தட்டு எடுக்கப் போறியா?" என்று அம்மா ஒரு மாசம் பேசவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் மூன்று வருஷம் சாஸ் பிரிவில் நின்றாள். அங்கே தலைமைச் சமையல்காரர் சேனாபதி. அவர் வாயிலிருந்து "நல்லா இருக்கு" என்று ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. ருசி பார்த்துப் பிடிக்காவிட்டால் கிழித்துத் தொங்கவிடுவார், பிடித்தால் பேசாமல் அடுத்த அடுப்புக்குப் போய்விடுவார். கடைசி ஒரு வருஷம் அவர் ஜூடித்தின் அடுப்பில் நின்று பேசியதே இல்லை. அப்படிப்பட்ட கை அது. அந்தக் கையைத்தான் 1993-ல் கட்டிக்கொண்டு வந்து, எச்-4 விசாவில், வேலை பார்க்கக் கூடாது என்ற சட்டத்தோடு, கலிஃபோர்னியாவில் சான் ரமோனில் ஒரு டவுன்ஹவுஸுக்குள் உட்கார வைத்தான் ஷைன்.

ஷைன் கெட்டவன் இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் யாரும் அவனுக்குச் சமைத்துப் போட்டவர்கள் இல்லை.

1998 கிறிஸ்துமஸுக்கு ஷைனின் ஆபீஸில் பார்ட்டி. அங்கேதான் அவனுடைய மேனேஜர் கிரெக்கின் மனைவி டயானை ஜூடித் முதன்முதலாகப் பார்த்தாள். பக்கத்து ஊரான டான்வில்லில் டயானுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. ரொட்டி, சீஸ், சாலட், விதவிதமான சாஸ். சாஸ் செய்கிற அம்மாள் ஏப்ரல் மாசத்தோடு வேலையை விடப்போவதாகவும், கைப்பக்குவம் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்றும் டயான் புலம்பினாள். ஜூடித் தான் வேலை பார்த்த கதையைச் சொன்னாள். டயானின் கண் விரிந்தது. "நீ வருகிறாயா?" என்று கேட்டாள்.

"எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை" என்று ஜூடித் சொன்னாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு டயான் இவர்களுக்குக் கொடுத்த பரிசு ஒரு ஃபாண்டூ செட். ஒரு சின்னப் பாத்திரம், அடியில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, நீளமான முள்கரண்டிகள் ஆறு. பாத்திரத்தில் எண்ணெய் கொதிக்கும். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பச்சை இறைச்சித் துண்டைக் கரண்டியில் குத்தி, அவரவர் துண்டை அவரவரே பொரித்துச் சாப்பிட வேண்டும். ஷைன் அதைக் கராஜில் கொண்டுபோய் வைத்தான்.

கிரீன் கார்டு விண்ணப்பத்தின் கூடவே போட்டிருந்த மனுவின் பேரில் மார்ச் மாதம் ஜூடித்தின் வேலை அனுமதி அட்டை வந்தது. தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று கவரைப் பிரித்தாள். அன்று சாயங்காலமே ஷைனிடம் சொன்னாள்.

"டயான்கிட்ட நான் பேசிப் பாக்கட்டுமா?"

"என்ன பேசப் போற?"

"அவங்க கடையில வேலைக்கு."

ஷைன் டிவியை நிறுத்தினான். "லூசா நீ? என் மேனேஜர் பொண்டாட்டி கடையில நீ கிச்சன்ல நிக்கப் போறியா? ஆபீஸ்ல என்னைய எப்படிப் பாப்பாங்க? வேணும்னா கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒண்ணு பண்ணு. டெஸ்டிங் கத்துக்க."

"எனக்கு அது வராதுங்க. எனக்கு வர்றது இதுதான்."

"சட்னி அரைக்கிறதெல்லாம் ஒரு வேலையா ஜூடி?"

அவன் இதைக் கத்திக்கூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மே மாதம் முதல் சனிக்கிழமை கிரெக்கையும் டயானையும் சாப்பிடக் கூப்பிட்டிருப்பதாக ஒருநாள் வந்து சொன்னான். அவர்கள் கொடுத்த ஃபாண்டூ செட்டிலேயே விருந்து என்றால் சந்தோஷப்படுவார்களாம். கூடவே கட்டளைகளும் வந்தன. "நம்ம மசாலா எதுவும் வேண்டாம், வீடெல்லாம் வாசம் வரும். இறைச்சியை நான் வாங்கிட்டு வர்றேன். தொட்டுக்க நாலு பாட்டில் வாங்கிக்கலாம், கிண்ணத்துல ஊத்தி வை, போதும். அப்புறம் அந்த வேலை விஷயமா டயான்கிட்ட நீ வாயைத் திறக்கக் கூடாது. புரியுதா?"

வெள்ளிக்கிழமை அவன் மாட்டிறைச்சியோடு நாலு பாட்டில்களும் வாங்கி வந்தான். கடுகு சாஸ், மயோனைஸ், ஸ்டேக் சாஸ், ஹார்ஸ்ராடிஷ் என்கிற காரக் கிழங்கு விழுது. ஜூடித் நாலையும் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வரிசையாக வைத்தாள். மூடியைத் தொடவில்லை.

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த விருந்தில் சமையல் என்று எதைச் சொல்கிறான் இவன்? இறைச்சி பச்சை. உப்புக்கூடப் போடக் கூடாது, போட்டால் தண்ணீர் விட்டு எண்ணெயில் படபடவென்று தெறிக்கும். எண்ணெய் வெறும் எண்ணெய். பொரிப்பது விருந்தாளி. அப்படியானால் வாயில் ருசி என்று வருவது எது? தொட்டுக்கொள்வதுதான். ஆறு வருஷமாக ஓரத்துக் கிண்ணமாக இருந்ததுதான் சனிக்கிழமை மொத்த விருந்தும். வாயைத் திறக்காதே என்றுதானே சொன்னான்? திறக்க வேண்டாம். கிண்ணம் பேசட்டும். அப்புறம் டயான் கேட்காமலா போய்விடுவாள்?

சேனாபதியின் அடுப்பில் நிற்கிற மாதிரி யோசித்தாள். எண்ணெயில் வெந்த இறைச்சிக்கு ஒன்று புளிக்க வேண்டும், ஒன்று குளிர வேண்டும், ஒன்று உறைக்க வேண்டும், ஒன்று வழவழவென்று நாக்கில் நிற்க வேண்டும். எதுவும் ஓடக் கூடாது, துண்டில் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். தேங்காய்ச் சட்னி ஆகாது, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பிரிந்துவிடும். ஊறுகாய் ஆகாது, எண்ணெய்க்கு மேல் எண்ணெய். தயிரைத் துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டு, புதினாவும் பச்சை மிளகாயும் அரைத்துச் சேர்த்தாள். தக்காளியையும் பூண்டையும் தோல் கருகச் சுட்டு, வத்தல் மிளகாயோடு வினிகர் விட்டு அரைத்தாள். முட்டையின் மஞ்சள் கருவில் உருக்கிய வெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்து, மேலே நல்லமிளகை இடித்துப் போட்டாள். அது சேனாபதியின் சாஸ். கடைசியாகப் புளியிஞ்சி. இஞ்சியைப் பொடியாக நறுக்கிச் சிவக்க வறுத்து, புளிக்கரைசலில் வெல்லத்தோடு சுண்டச் சுண்டக் காய்ச்சி, கரண்டியிலிருந்து விழ மறுக்கிற பதத்தில் இறக்கினாள். பக்கத்துக்குத் தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு, வினிகரில் ஊறிய சின்ன வெங்காயம், வெள்ளரிக்காய், ரொட்டி. ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தாள். வாசம் போயே விட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, வெயில் இன்னும் இறங்கவில்லை. மேஜையைப் பார்த்த ஷைன் அப்படியே நின்றான்.

"இதெல்லாம் என்ன?"

"தொட்டுக்க" என்றாள் ஜூடித்.

அவன் வாயைத் திறப்பதற்குள் வாசலில் மணி அடித்தது.

முதல் கூத்து ஷைனுடையது. கொதிக்கிற எண்ணெயிலிருந்து எடுத்த துண்டைத் தட்டில் தள்ளிவிட்டு வேறு கரண்டியால் சாப்பிட வேண்டும் என்று ஜூடித் முந்தின நாளே சொல்லியிருந்தாள். அவன் சூட்டுக் கரண்டியையே நேராக வாயில் வைத்தான். உதடு சிவந்து வீங்கிவிட்டது. கிரெக் பதறி ஐஸ் தண்ணீரை நகர்த்தினார். நாலு வயது மகள் ஆன்லின், "மம்மி டோல்ட் யூ, டாடி" என்றாள். அந்தப் பிள்ளைக்கு வீட்டில் பேசுகிற தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

டயான் பேசுவதை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டாள். ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு கிண்ணத்தில் தொட்டாள். புளியிஞ்சியில் மூன்று தடவை. நாலாவது தடவை துண்டே இல்லாமல் ரொட்டியால் வழித்தாள். ஜூடித் அடுப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு எடுக்க உள்ளே போன நேரத்தில் டயானிடமிருந்து கேள்வி வந்தது.

"இந்த இஞ்சி சாஸ் யார் செய்தது?"

"கடையில் வாங்கினது" என்றான் ஷைன்.

உள்ளே ஜூடித்தின் கை நின்றது.

"எல்லாமேவா?"

"எல்லாமே. ஃப்ரீமாண்ட்டில் ஒரு இந்தியன் கடை. ஜூடி சும்மா கிண்ணத்தில் ஊற்றினாள்."

"எனக்கு அந்தப் பாட்டிலைக் காட்டு ஷைன். லேபிளைக் குறித்துக்கொள்கிறேன். இப்படி ஒன்றைத்தான் என் கடைக்குத் தேடிக்கொண்டிருக்கிறேன். சாஸ் செய்கிற அம்மாள் போய்விட்டாள், நான் தனியாகத் தவிக்கிறேன்."

"பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன்."

வெட்கத்தில் சொன்ன பொய் என்றால்கூட அவள் பொறுத்திருப்பாள். இது வெட்கம் மட்டும் இல்லை. டயான் வேலைப் பேச்சை எடுத்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்தியிருக்கிறான். ஆறு வருஷம் சட்டம் அவள் கையைக் கட்டிப்போட்டது. சட்டமே அவிழ்த்துவிட்ட பிறகு, அவள் போட்ட சாப்பாட்டைத் தின்றுகொண்டே இவன் திரும்பக் கட்டுகிறான். ஜூடித்துக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. அந்த ஃபாண்டூ பாத்திரம் அவ்வளவு கொதித்திருக்காது.

ஃபிரிட்ஜைத் திறந்தாள். நாலு பாட்டில்களையும் மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு வந்து, ஷைனின் தட்டுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாள். டக், டக், டக், டக்.

"கடையில் வாங்கினது இதுதான்" என்று டயானிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று மேலே பேசினாள். "சீல் உடைக்கவில்லை, பாருங்கள். கிண்ணத்தில் இருப்பது நாலும் நான் செய்தது. எனக்கு வேலை அனுமதி மார்ச்சிலேயே வந்துவிட்டது. உங்கள் இடம் இன்னும் காலியாக இருக்கிறதா?"

கிரெக் எண்ணெய்ப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷைனின் முகத்தில் உதடு எது, முகம் எது என்று தெரியாத அளவுக்கு எல்லாம் ஒரே சிவப்பு. டயான் ஹார்ஸ்ராடிஷ் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஷைனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்.

"செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி" என்றாள் டயான். "அந்த இஞ்சியைக் கொண்டு வா."

அவர்கள் போன பிறகு ஷைன் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னைய இப்படி அசிங்கப்படுத்தணும்னு எத்தனை நாளா பிளான் பண்ணுன?"

"அசிங்கம் என் கிண்ணத்துல இல்ல. உங்க வாயில இருந்து வந்தது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசையின்போது சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் திரும்பிக் கைகொடுத்தவன், பக்கத்திலிருந்த மனைவிக்கு மட்டும் இரண்டு விரலை நீட்டினான். அவள் அந்த இரண்டையும் தொடவில்லை. திங்கட்கிழமை முழுக்கப் பேச்சில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு ஆன்லின் ஷூ மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். அவளை டேகேரில் விட்டுவிட்டு டான்வில் போக வேண்டும். ஜூடித்தின் பையில் ஒரு கண்ணாடிப் பாட்டில் நிறையப் புளியிஞ்சி, துணி சுற்றி. மேஜையில் மூன்று தோசை, தட்டு போட்டு மூடியிருந்தது. ஷைன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். தட்டைத் திறந்தான். இரண்டு நாள் மௌனமெல்லாம் ஒரு நொடியில் மறந்துபோய், வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"தொட்டுக்க என்ன?"

ஜூடித் சாவியை எடுத்தாள்.

"ஃபிரிட்ஜுல நாலு இருக்கு" என்றாள். "கடையில வாங்குனது."

மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். காரின் கதவைத் திறக்கும்போது, திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு புதுப் பாட்டிலின் மூடி டப்பென்று திறக்கும் சத்தம் கேட்டது.