வாத்தியார் ஃபிரிட்ஜில் வைத்த பாதி ரொட்டி

அவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதே என்பது அவர் ஒவ்வொரு வருடமும் நடத்தும் முதல் பாடம். பிள்ளைகள் அதை நோட்டில் பத்துத் தடவை எழுதி, அவரிடம் சிவப்பு மையில் சரி வாங்கிக்கொண்டு போவார்கள். எழுத வைத்த மனிதர் தன் வீட்டுக்குள் எதையாவது சோதித்துப் பார்த்தாரா என்று கேட்டால், இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான். அதுவும் அவருக்குத் தெரியாமல் நடந்தது.

அவருடைய மனைவி எட்டாம் வகுப்போடு நின்றவள். வாரம் இரண்டு தடவை வீட்டிலேயே ரொட்டி சுடுவாள். ஓவனிலிருந்து எடுத்த ரொட்டியைக் கம்பித் தட்டில் கவிழ்த்து ஆறவிடுவாள். புறங்கையை அடியில் வைத்துப் பார்த்து, சூடு துளியும் இல்லை என்றான பிறகுதான் பருத்தித் துணியில் சுற்றித் தகர டப்பாவில் வைப்பாள். வெட்டிய முகம் கீழே பார்த்து இருக்கும். நாலு நாள் ஆனாலும் ரொட்டி மெத்தென்று இருந்தது. இதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சூட்டோடு சுற்றிவைத்து, வியர்த்து, பூஞ்சை பூத்து, நாலைந்து ரொட்டியைத் தூக்கிப் போட்டுக் கற்றுக்கொண்டாள்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது. அதோடு வாத்தியாரின் ஆட்சியும் சமையலறைக்குள் வந்தது.

"குளிர்ல எதுவும் கெடாது. இது சயின்ஸ்" என்றார்.

அன்றிலிருந்து ரொட்டி பிளாஸ்டிக் கவருக்குள் போனது. கவரின் மேல் ஒரு சீட்டு ஒட்டித் தேதி எழுதிக் கையெழுத்தும் போடுவார், ஆய்வுக்கூடத்துப் புட்டிக்குப் போடுவதைப் போல. பிறகு கீழ்த்தட்டில் வைப்பார். மறுநாளே ரொட்டி விறைத்துவிடும். மூன்றாம் நாள் கத்தி வைத்தால் பொலபொலவென்று உதிரும்.

பூஞ்சை பிடிப்பது வேறு, ரொட்டி இறுகுவது வேறு. குளிர் முன்னதைத் தள்ளிப்போடும், பின்னதை அவசரப்படுத்தும். உறைய வைத்தால் கதை வேறு. வெறும் குளிரில் வைத்த ரொட்டி வெளியில் வைத்ததைவிடச் சீக்கிரம் கட்டையாகும். வாத்தியாருடைய பள்ளி நூலகத்திலேயே இதைச் சொல்லும் புத்தகம் இருந்தது. அதைப் புரட்டியிருந்தால் விஷயம் கால்மணி நேரத்தில் முடிந்திருக்கும். அவர் புரட்டவில்லை. பழியைத் தூக்கி மனைவியின் கைமேல் போட்டார்.

"உனக்கு மாவு பிசையத் தெரியல."

"தகர டப்பாவுல வெச்சப்போ நல்லா இருந்துச்சுங்க" என்று அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"நீ எந்தக் காலேஜ்ல படிச்ச?"

அத்தோடு அந்த விவாதம் முடிந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் அவளைக் காட்டி, "எங்க வீட்டுச் செங்கல் சூளை" என்று அறிமுகப்படுத்துவார். வந்தவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். ஒருத்தியை அவள் செய்யாத தப்புக்காகப் பதினொரு வருடம் சபையில் வைத்துச் சிரிப்பதற்கு நம் வீடுகளில் நகைச்சுவை உணர்வு என்று பெயர்.

அந்த வீட்டின் பின்னறையில் வாத்தியாரின் தங்கை இருந்தாள். புருஷனை விட்டுவிட்டு வந்து, துணி தைத்துத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்பவள். அண்ணனுக்குப் பயப்படாத ஒரே ஜீவன். அவள் ரவிக்கை தைத்துக் கொடுத்த ஒரு அம்மாள், நர்ஸுகள் தங்கும் விடுதியில் சமையலறைப் பொறுப்பில் இருந்தாள். கடை ரொட்டி பிடிக்கவில்லை என்று விடுதிப் பெண்கள் அவளைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வீட்டு ரொட்டி கிடைத்தால் வாராவாரம் எடுத்துக்கொள்வேன் என்றாள் அந்த அம்மாள். ஒரே நிபந்தனை, வெள்ளிக்கிழமை சுட்டது திங்கட்கிழமை காலைக்கும் தின்னும்படி இருக்க வேண்டும். திங்கட்கிழமை நேரில் வந்து தின்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னாள்.

வாத்தியாரின் மனைவிக்கு அன்று தூக்கம் வரவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளை யாரும் ஒரு வேலைக்குக் கேட்டதில்லை.

வாத்தியார் தாராளமாக அனுமதித்தார். "சுடுறது நீ. வைக்கிறது என் பொறுப்பு."

வெள்ளிக்கிழமை அவருக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு. அவர் வருவதற்குள் ரொட்டி நன்றாக ஆறிவிட்டது. மனைவி அதை நடுவில் சரியாக இரண்டாக வெட்டினாள். ஒரு பாதி துணியும் டப்பாவுமாகப் பின்னறைக்குப் போயிற்று.

வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, "மீதிப் பாதி எங்க?" என்றார்.

"நான்தான் எடுத்துட்டுப் போனேன்" என்றாள் தங்கை. "பசிக்குது. அதுக்கும் ஒரு சீட்டு ஒட்டணுமா அண்ணே?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே தன் பாதியைக் கவரில் போட்டு, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கீழ்த்தட்டில் வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் விடுதி அம்மாள் வந்தபோது, முதல் பீரியடுக்கு லீவு சொல்லிவிட்டுச் சட்டையை இன் பண்ணி நின்றிருந்தார் வாத்தியார். அவரே கவரைப் பிரித்தார். ஓரம்தான் உறுதியாக இருக்கும் என்று விளக்கம் சொல்லிக்கொண்டே ஓரத்தில் கத்தியை வைத்தார். பாதி துண்டாக விழுந்தது, பாதி தூளாக விழுந்தது. அந்த அம்மாள் ஒரு வாய் போட்டு மரியாதைக்கு மென்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. ராத்திரி பூரா டூட்டி பார்த்துட்டு வர்ற பொண்ணுங்க. இதை எப்படிக் குடுக்கிறது?"

"நான்தான் சொன்னேனே" என்று வாத்தியார் முந்திக்கொண்டார். "இவ கை அப்படி. நாங்க செங்கல் சூளைன்னுதான் கூப்பிடறது."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒரு நிமிஷம் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, மனைவி பின்னறைக்குப் போய் டப்பாவோடு வந்தாள். துணியைப் பிரித்து, அவளும் ஓரத்திலிருந்தே ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். அந்த அம்மாள் நின்றுகொண்டே தின்றாள். பிறகு உட்கார்ந்து, இன்னொரு துண்டு கேட்டாள்.

"இது எப்போ சுட்டது?"

"வெள்ளிக்கிழமை. அதே ரொட்டிதாங்க."

"பொய்" என்றார் வாத்தியார். "இது நேத்து சுட்டது."

மனைவி அவருடைய பாதியை எடுத்துத் தன் பாதியோடு நடு வெட்டைச் சேர்த்து வைத்தாள். சுடும்போது மேல்தோலில் கோணல்மாணலாக விழுந்த வெடிப்பு ஒன்று, இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்குத் தடையில்லாமல் ஓடியது.

தங்கை கவரை எடுத்து அண்ணன் முன்னால் போட்டாள். "தேதி நீ எழுதினது. கையெழுத்து நீ போட்டது. அதுவும் பொய்யா?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு தடவை நடந்ததை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது" என்றார்.

"ஒரு தடவையா?" என்றாள் மனைவி. குரலை உயர்த்தவில்லை. "பதினொரு வருஷமா உங்க பாதியை மட்டும்தான் பார்த்தோம். இன்னொரு பாதியை வைக்க நீங்க விடவே இல்லையே."

சோதனை என்றால் என்ன என்பதை அந்த வீட்டில் முதன்முதலாகச் சரியாகச் சொன்னது எட்டாம் வகுப்பு. கேட்டுக்கொண்டிருந்த பட்டதாரிக்கு அது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. விடுதி அம்மாள் நோட்டை எடுத்ததும் அவருக்கு உடனே காது கேட்டது.

"என் பேர்ல எழுதிக்கங்க. வெளி விவகாரமெல்லாம் நான்தான் பார்க்கறது."

"சுடுறவங்க பேர்லதான் சார் எழுதுவேன். ஏதாவது ஆச்சுன்னா யாரைப் போய்க் கேக்கறது?" அந்த அம்மாள் மனைவி பக்கம் திரும்பினாள். "உங்க பேர் என்னம்மா?"

அவள் தன் பெயரைச் சொன்னாள். செங்கல் சூளைக்குச் சிரித்துவிட்டுப் போனவர்களில் ஒருவரும் கேட்டறியாத பெயர்.

"எங்க ஸ்டோர்ல எப்படி வைக்கணும், அதையும் சொல்லிடுங்க."

"ஆறின பிறகுதான் அனுப்புவேன். கவர்ல போடாதீங்க, துணியில சுத்தி மூடின டப்பாவுல வைங்க. அடுப்புப் பக்கம் வேண்டாம். தேவைக்குத் தேவை வெட்டுங்க, மொத்தமா வெட்டி வெச்சுடாதீங்க. ரெண்டு வாரத்துக்கு வேணும்னா ஃப்ரீஸர்ல உறைய வைங்க. சும்மா ஃபிரிட்ஜ்ல மட்டும் வேண்டாம்."

அந்த அம்மாள் வரி வரியாக எழுதிக்கொண்டாள். வாத்தியார் வாட்சைப் பார்த்தார், இரண்டாம் பீரியடுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார்.

அந்த மனிதர் மாறினார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் இன்றும் தன் பங்கை மட்டும் கவரில் போட்டுக் கையெழுத்திட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்கிறார். காலையில் அதை டீயில் தோய்த்து, தாடை நோக நோக மெல்கிறார். தங்கை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி, "இதுல ஒண்ணு எடுத்துக்கோ அண்ணே, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்பாள்.

"எனக்கு இப்படி இருந்தாத்தான் பிடிக்கும்" என்பார் அவர்.

மனைவி இதையெல்லாம் காதில் வாங்குவதில்லை. விடுதி வண்டி நாலரைக்கு வந்துவிடும், ரொட்டி அதற்குள் ஆற வேண்டும்.