கிலோக் கூலி என் யோசனைதான்

பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணியில் வேளாண் பொருளாதாரம் பார்ப்பவள் நான். எந்தப் பயிரில் எது கட்டுப்படியாகும் என்று விவசாயிகளிடம் போய்ச் சொல்வது என் வேலை. சொன்னதெல்லாம் பலித்தது என்று ஓய்வுபெறும் விழாக்களில் பேசுகிறார்களே, அந்த ரகம் நான் இல்லை.

போடியில் இருக்கும் ஒரு ஏலக்காய்த் தோட்ட முதலாளி, காய் எடுக்க வரும் பெண்கள் சுணங்குகிறார்கள் என்று என்னிடம் குறைப்பட்டார். நாள் கூலியை விட்டுவிட்டுக் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுங்கள் என்றேன். நான் படித்த படிப்பு அப்படித்தான் சொன்னது. ஆனால் ஏலச்செடியில் ஒரே சரத்தில் முற்றிய காயும் பிஞ்சும் சேர்ந்தே கிடக்கும். முற்றியதை மட்டும் பார்த்து எடுத்துவிட்டு மற்றதை அடுத்த சுற்றுக்கு விடவேண்டும். எடைக்குத்தான் கூலி என்று ஆனபின் யார் நின்று பார்ப்பார்கள்? பிஞ்சும் கூடைக்குள் போனது. உலர்த்தியபோது பாதிக் காய் சூம்பிவிட்டது. வியாபாரிகள் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள்.

தேவாரத்திலிருந்து ஜீப்பில் மலையேறி வந்துகொண்டிருந்த பன்னிரண்டு பெண்களையும் முதலாளி ஒரே நாளில் நிறுத்தினார். பிஞ்சு பிடுங்குகிறவர்கள் என்று பேர் கட்டியதால் பக்கத்துத் தோட்டங்களிலும் அவர்களைச் சேர்க்கவில்லை.

காய் கெட்டது ஏன் என்று நான் கையெழுத்திட்டுத் தரவேண்டிய அறிக்கையை என் மேலதிகாரியே தயாராக வைத்திருந்தார். தொழிலாளர்களின் ஒழுங்கின்மையே காரணம் என்று அதில் இருந்தது. பதவி உயர்வுப் பட்டியலும் அவர் கையில்தான்.

“ஒரு கையெழுத்துதானம்மா. அவங்க வந்து படிக்கவா போறாங்க?” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. படிக்க மாட்டார்கள் என்றால் அவர்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதலாமா? “போட மாட்டேன் சார்” என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் தேவாரம் போனேன். அந்தப் பெண்களில் மூத்தவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“எடைக்கு எடுத்தா பிஞ்சு வந்துரும்னு நாங்க அப்பவே சொன்னோம். படிச்சவங்க சொல்லிட்டாங்க, ஒங்க சோலியப் பாருங்கன்னுட்டாரு மொதலாளி. நீங்களாச்சும் எங்கட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?”

கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே போடியில் விவசாயிகள் கூட்டம். உரத்தைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்து, கிலோக் கூலி என் யோசனை, கெட்டுப்போன காய்க்கும் நான்தான் காரணம், அந்தப் பெண்கள் இல்லை என்றேன்.

“அப்ப நீங்க சொல்ற மத்ததையும் எப்பிடி நம்புறது?” என்று ஒருவர் கத்தினார்.

“நம்பாதீங்க. காய் எடுக்குறவங்கட்டக் கேட்டுட்டு அப்புறம் செய்ங்க” என்றேன். மேலதிகாரி முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார்.

பட்டியலில் என் பெயர் வரவில்லை. அந்தப் பதவியில் எனக்கு ஆசை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தக் கையெழுத்தை இன்று கேட்டாலும் போட மாட்டேன்.

அடுத்த சுற்றுக் காய் முற்றி உதிரத் தொடங்கியதும் முதலாளி தேவாரத்துப் பெண்களிடம் ஆள் அனுப்பினார். பழையபடி நாள் கூலி, ஆனால் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலைக்கு ஏறவேண்டும் என்று. மூத்தவர் வாசலிலேயே நின்று பதில் சொன்னாராம்.

“தப்புப் பண்ணுனவங்க மைக்குல சொல்லியாச்சு. நாங்க எதுக்குக் கேக்கணும்? வேணும்னா ஜீப்பு அனுப்பச் சொல்லுங்க.”

மறுநாள் காலையில் ஜீப் வந்தது.